காதலும் பக்தியும்: ஆங்கில மெய்ப்பொருள் கவிஞர்கள்

மலர்க் குழுவினர் இந்த வருடமும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல சீவக சிந்தாமணியைப் பற்றியோ நீலகேசியைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன். அதைக் கெடுத்தது என் பேத்தி. பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "தாத்தா, இந்த மெட்டாஃபிசிகல் பொயட்ஸ் எல்லாம் காதல் கவிஞரா, சாமியாரா? ஒரே ஆளு ரெண்டும் எழுதியிருக்காரு. இதுல எது நிஜம்?" என்று கேட்டாள். கைடில் இதற்கு விடை இல்லையாம். ஐந்து மார்க்குக்கு எழுத வேண்டிய லட்சணங்கள் மட்டும்தான் இருக்கிறதாம்.

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்தில் ஆங்கிலப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நாக்தேவி தெருவில் ஆணியும் போல்ட்டும் விற்கிற ஒருவன் ஆங்கிலக் கவிதை பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு 1975-ல் பம்பாய்க்கு வந்தவன் நான். ஆங்கிலம் கற்றது கடைக் கடிதங்களிலும், ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதைப் பழைய புத்தகங்களிலும். ஹெலன் கார்ட்னர் என்ற அம்மையார் தொகுத்து 1957-ல் பெங்குவின் வெளியிட்ட மெய்ப்பொருள் கவிஞர் தொகுதி, அட்டை கிழிந்த நிலையில், அங்கேதான் எனக்குக் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்து முடிக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

பெயர் வந்த கதை

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். மெட்டாஃபிசிக்ஸ் என்றால் மெய்ப்பொருளியல். உயிர் என்பது என்ன, உடல் என்பது என்ன, காலம் எது, கடவுள் உண்டா என்று ஆராய்கிற சாத்திரம். இந்தக் கவிஞர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதே இல்லை. சங்கம் வைத்து ஒன்றாக இயங்கியவர்களும் அல்ல. 1693-ல் டிரைடன் என்ற கவிஞர், ஜான் டன் காதல் கவிதையில்கூட மெய்ப்பொருளியலைக் கொண்டுவந்து பெண்களின் மனதைக் குழப்புகிறார் என்று குறை சொன்னார். 1779-ல் டாக்டர் ஜான்சன், கௌலி என்ற கவிஞரின் வரலாற்றை எழுதும்போது இந்த வகையினர் அனைவருக்கும் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார். அவரும் பாராட்டிச் சொல்லவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்களை வலுக்கட்டாயமாக ஒரே நுகத்தில் பூட்டுகிறார்கள் என்பதுதான் அவர் புகார்.

வசவாக வந்த பெயர் நிலைத்துவிட்டது. நூறு வருடத்துக்கும் மேலாக இவர்களை அதிகம் பேர் மதிக்கவில்லை. 1912-ல் கிரியர்சன் என்ற பேராசிரியர் டன்னின் கவிதைகளைச் செம்பதிப்பாகக் கொண்டுவந்தார். 1921-ல் அவரே இந்தக் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றையும் வெளியிட, அதே வருடம் டி.எஸ். எலியட் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இவர்களுக்குச் சிந்தனையும் உணர்ச்சியும் தனித்தனி அறைகளில் இல்லை, யோசிப்பதையே உணர்ந்தார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். அதன்பிறகுதான் உலகம் முழுக்க ஆங்கில வகுப்புகளில் இவர்கள் பாடமானார்கள். என் பேத்தியின் கைடுக்கு மூலகாரணம் அந்த 1921 என்று சொல்லலாம்.

இரும்பு வியாபாரியின் மகன்

இவர்களில் மூத்தவர், முதல்வர், ஜான் டன். 1572-ல் லண்டனில் பிறந்தார். தகப்பனார் இரும்பு வியாபாரி. லண்டன் இரும்பு வணிகர் கழகத்தில் பொறுப்பு வகித்தவர். இதைப் படித்த அன்றைக்கே டன் எனக்குப் பங்காளி ஆகிவிட்டார். பையனுக்கு நான்கு வயதாகும்போது, 1576-ல், தகப்பனார் போய்விட்டார். தாயார் வழி தாமஸ் மோரின் உறவு. மதத்துக்காக அரசன் எட்டாம் ஹென்றியிடம் தலையைக் கொடுத்தாரே, அந்த மோர்தான்.

குடும்பம் கத்தோலிக்கம். அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கராக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அரசியே திருச்சபைக்கும் தலைவி. பாதிரியாருக்கு வீட்டில் இடம் கொடுத்தாலே குற்றம். டன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், ஆனால் பட்டம் வாங்கவில்லை. பட்டம் வாங்க வேண்டுமானால் அரசியின் மேலாண்மையை ஏற்றுச் சத்தியம் செய்ய வேண்டும். அவருடைய தம்பி ஹென்றி ஒரு பாதிரியாருக்குப் புகலிடம் கொடுத்ததற்காகப் பிடிபட்டு, 1593-ல் நியூகேட் சிறையில் பிளேக் கண்டு இறந்தான். நம்பிக்கை என்பது இந்த மனிதருக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் கவிதைக்குள் போக வேண்டும். பிற்பாடு அவர் ஆங்கிலத் திருச்சபைக்கு மாறினார். பதவிக்காக மாறினாரா, ஆராய்ந்து மாறினாரா என்று இன்றுவரை அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். தாயார் மட்டும் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்து, மகன் வீட்டிலேயே 1631-ல் காலமானார்.

வாலிபத்தில் டன் சட்டம் படித்தார், 1596-லும் 1597-லும் ஸ்பெயினுக்கு எதிரான கடற்படையெடுப்புகளில் போனார், திரும்பி வந்து எகர்ட்டன் என்ற பெரிய அதிகாரியிடம் செயலாளராகச் சேர்ந்தார். நல்ல வேலை. அந்த வீட்டில் எகர்ட்டனின் மனைவி வழி உறவாக ஆன் மோர் என்ற பெண் இருந்தார். 1601 டிசம்பரில் டன் அவரை ரகசியமாக மணந்துகொண்டார். பெண்ணுக்கு வயது 17. தகப்பனாருக்கு விஷயம் தெரிந்ததும் வேலை போயிற்று, மாப்பிள்ளை சில நாள் சிறையிலும் இருந்தார். 1602-ல் கல்யாணம் செல்லும் என்று தீர்ப்பானது. ஆனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் வறுமை, கடன், வருடத்துக்கு வருடம் குழந்தை.

தெள்ளுப்பூச்சியும் கவராயமும்

டன்னின் காதல் கவிதைகள் நிலவையும் ரோஜாவையும் பாடுவதில்லை. வக்கீல் வாதாடுவதுபோல வாதாடுகின்றன. புகழ்பெற்ற ஒன்று தெள்ளுப்பூச்சியைப் பற்றியது. பூச்சி முதலில் காதலனைக் கடித்தது, பிறகு காதலியைக் கடித்தது. இரண்டு ரத்தமும் அதன் வயிற்றுக்குள் கலந்துவிட்டது, இனி நமக்குள் என்ன தயக்கம் என்று அவன் வாதம் செய்கிறான். அவள் நசுக்கப் போகிறாள். ஐயோ, அதைக் கொன்றால் என்னையும் கொல்கிறாய், உன்னையும் கொல்கிறாய், கோயிலை இடித்த பாவமும் சேரும் என்று தடுக்கிறான். அவள் கேட்கவில்லை, நசுக்கிவிடுகிறாள். உடனே அவன் கட்சி மாறி, பார்த்தாயா, பூச்சி செத்தும் உனக்கு ஒன்றும் குறையவில்லை, எனக்கு இணங்கினாலும் அவ்வளவுதான் குறையும் என்கிறான்.

விளையாட்டுக் கவிதைதான். ஆனால் என்னைப் போன்ற சமணன் படிக்கும்போது வேறொரு சிரிப்பு வருகிறது. பேன், மூட்டைப்பூச்சி, எறும்பு போல அதுவும் மூன்று புலன் உள்ள உயிர், நசுக்கக் கூடாது என்று எங்கள் வீட்டுக் குழந்தைக்கே தெரியும். உலகத்தில் எந்தக் காதலனும் பூச்சிக்கு இவ்வளவு நன்றாக அகிம்சை பேசியதில்லை. என்ன செய்வது, பேசியது பூச்சிக்காக அல்ல!

இங்கே கவனிக்க வேண்டியது, பூச்சிக்குள் கோயிலையும் பாவத்தையும் கொண்டுவந்த துணிச்சல். இன்னொரு கவிதையில் காதலர்களைத் திருச்சபை புனிதராக்குகிற சடங்குக்குள் கொண்டுபோய் வைக்கிறார். இனிவரும் காதலர்கள் எங்களை வேண்டிக்கொள்வார்கள் என்கிறார். காதலைப் பேசச் சமயத்தின் மொழியை எடுக்கிறார். பிற்பாடு சமயத்தைப் பேசக் காதலின் மொழியை எடுப்பார்.

இவருடைய உவமைகளில் தலைசிறந்தது கவராயம். நம் பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறார்களே, வட்டம் போடுகிற காம்பஸ், அதுதான். பிரிந்து போகிற கணவன் மனைவியைத் தேற்றுகிற கவிதை. அழ வேண்டாம், நம் உயிர் இரண்டல்ல, ஒன்று. தங்கத்தை அடித்துத் தகடாக்கினால் காற்றுப்போல மெலிந்து விரியும், அறுந்து போகாது. பிரிவும் அப்படித்தான் என்கிறார். அப்படியே இரண்டு உயிர் என்று வைத்துக்கொண்டாலும் கவராயத்தின் இரண்டு கால் மாதிரி. ஒரு கால் நடுவில் நிற்கும். இன்னொரு கால் தூரமாகச் சுற்றும்போது நிற்கிற காலும் அதன் பக்கம் சாயும். சுற்றுகிற கால் வீடு திரும்பும்போது இதுவும் நிமிரும். நிற்கிற கால் உறுதியாக நின்றால்தான் வட்டம் சரியாக முடியும்.

வெளிமாநிலத்தில் பிழைக்கிற நமக்கு இந்த உவமைக்கு உரை தேவையில்லை. நம்மில் எத்தனை வீட்டில் ஒரு கால் ஊரில், ஒரு கால் இங்கே!

துணி வியாபாரி எழுதிய வரலாறு

இந்தக் கவிதையை டன் 1611-ல் சர் ராபர்ட் ட்ரூரி என்பவரோடு பிரான்சுக்குப் போகும்போது மனைவிக்குக் கொடுத்தார் என்று சொன்னவர் ஐசக் வால்ட்டன். வால்ட்டன் யார் தெரியுமா? அவரும் நம்மைப்போலக் கடை வைத்திருந்தவர். லண்டனில் துணி வியாபாரம், உறுப்பினராக இருந்ததோ இரும்பு வணிகர் கழகத்தில். டன் போதகராக இருந்த பகுதியில் வசித்து, அவர் பிரசங்கம் கேட்டு, 1640-ல் அவர் வாழ்க்கையை எழுதினார். பல்கலைக்கழகத்துக்குப் போகாதவர். பிறகு 1653-ல் மீன் பிடிப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதி, அதனால்தான் உலகப் புகழ் பெற்றார். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் நான் படிக்காமல் வைத்திருக்கிறேன், காரணம் வாசகர் அறிவர்.

வால்ட்டன் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பக் கூடாது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கவராயக் கவிதை பற்றிய தகவலை அவர் முதல் பதிப்பில் சொல்லவில்லை, 1675 பதிப்பில்தான் சேர்த்தார். இன்னொன்றும் சொல்கிறார். டன் பாரிசில் இருந்தபோது, விரித்த கூந்தலும் கையில் இறந்த குழந்தையுமாக மனைவி அறைக்குள் நடந்து போவதைக் கண்டாராம். ஆள் அனுப்பி விசாரித்தால், அதே நேரத்தில் அந்த அம்மாளுக்குக் குழந்தை இறந்து பிறந்திருந்ததாம். காட்சி கண்டது நிஜமா கதையா என்பது வேறு விஷயம். 1612 தொடக்கத்தில் கணவர் வெளிநாட்டில் இருக்க, அவருக்குக் குழந்தை இறந்து பிறந்தது என்பது உண்மை.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1980-ல் எங்கள் முதல் குழந்தையும் அப்படித்தான் பிறந்தது. என் மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். நான் போல்ட் கொள்முதலுக்கு லூதியானாவில். தந்தி பம்பாய்க் கடைக்கு வந்து, கடைக்காரர் அதை அங்கே திருப்பி அனுப்பி, நான் ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்தபோது எட்டு நாள் கழிந்திருந்தது. எனக்கு எந்தக் காட்சியும் வரவில்லை. அந்த நேரத்தில் சரக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.

பிற்காலத்தில் ஒரு ராத்திரி கவராயக் கவிதையை அவருக்குத் தமிழில் சொன்னேன். சமாதானம் சொல்வதுபோலத்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங்க, இதை அந்தம்மா கிட்ட கேட்டாங்களா? முள்ளு இருக்கற கால் குத்தற எடத்துல ஓட்டை விழும். பென்சில் போற எடத்துலதான் கோடு விழும். எல்லாரும் கோட்டைத்தான் பாப்பாங்க" என்றார். எட்டாவது வரை படித்தவர். நான் படித்த எந்த உரையிலும் இதைப் பார்த்ததில்லை. ஆன் டன் எழுதியதாக ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதை அதன் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

மேற்கே போன குதிரை

1613-ல் புனித வெள்ளி அன்று டன் குதிரையில் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஏசுநாதர் சிலுவையில் உயிர் விட்ட நாள். கிறிஸ்தவருக்குக் கிழக்கே பார்த்து இருக்க வேண்டிய நாள். அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். வானத்துக் கோளங்கள் வேறொன்றின் இழுப்புக்கு ஆட்பட்டுத் தம் வழியிலிருந்து விலகுவதுபோல, காரியமும் களிப்பும் என்னை மேற்கே இழுக்கின்றன, என் உயிரோ கிழக்கே வளைகிறது என்கிறார். முதுகைக் காட்டிப் போவதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடிக்கிறார். அடி வாங்கத்தான் முதுகைக் காட்டுகிறேன், என்னைத் திருத்து, பிறகு முகத்தைத் திருப்புகிறேன் என்று இறைவனிடமே பேரம். மகாவீர் ஜெயந்தி அன்று வசூலுக்குப் போயிருக்கிற எனக்கு இந்தக் கவிதை நன்றாகவே புரிகிறது.

1615-ல் அவர் குருவானார். 1621-ல் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குரு. இடையில் 1617 ஆகஸ்ட் 15-ல் ஆன் இறந்தார். பன்னிரண்டாவது பிரசவம், குழந்தை இறந்தே பிறந்தது, அந்த அம்மாளுக்கு வயது 33. உயிரோடு இருந்த பிள்ளைகள் ஏழு பேர். டன் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அவருடைய பக்திக் கவிதைகளில் புனித சானெட்டுகள் என்ற பதினான்கு வரிப் பாக்கள் முக்கியமானவை. ஒன்றில் சாவைக் கூப்பிட்டு, நீ பெரிய ஆள் இல்லை என்று அதட்டுகிறார். இன்னொன்றில் மூவொரு கடவுளிடம், மெல்லத் தட்டினால் போதாது, என்னை உடைத்துப் புதிதாகச் செய் என்கிறார். எதிரி பிடித்துக்கொண்ட ஊர்போல இருக்கிறேன். உன் எதிரிக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்போல இருக்கிறேன். அந்த முடிச்சை அறுத்து என்னைச் சிறை எடு. நீ கட்டிப்போட்டால்தான் எனக்கு விடுதலை, நீ வலிந்து கவர்ந்தால்தான் எனக்குத் தூய்மை என்று முடிக்கிறார். ஆங்கிலேய வாசகர் சிலருக்கு இது அதிர்ச்சி. ஆண்டாளையும் திருக்கோவையாரையும் படித்த நமக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்டாளுக்குத் தலைவன் யார் என்பதில் சந்தேகமே கிடையாது. டன்னுக்கு, தான் யார் பக்கம் சேர்ந்தவன் என்கிற பயம் கடைசிவரை போகவில்லை.

மனைவி இறந்தபோதும் ஒரு சானெட் எழுதினார். அவர் வாழ்நாளில் அது அச்சாகவில்லை. அவருடைய கவிதைத் தொகுதியே, இறந்து இரண்டு வருடம் கழித்து 1633-ல்தான் வந்தது. அந்தப் பாட்டின் பொருள் இது: நான் நேசித்தவள் இயற்கைக்குக் கட்ட வேண்டிய கடனைக் கட்டிவிட்டு முன்னதாகவே போய்விட்டாள். அவளை நேசித்ததுதான் இறைவனைத் தேட எனக்குக் கற்றுக்கொடுத்தது. தேடிக் கிடைத்தும் தாகம் தீரவில்லை. கிடைக்கிற அன்பு போதாதா என்றால், இறைவனுக்கே என்மேல் பொறாமை போல, வேறு எதன்மீதும் என் அன்பு போய்விடக் கூடாது என்று பார்க்கிறார். ஆறுதல் கவிதை என்று இதைச் சொல்ல முடியாது. வழக்கு முடியாத கவிதை.

குத்தகைதாரரும் விருந்தாளியும்

டன்னுக்கு நேர் எதிரான சுபாவம் ஜார்ஜ் ஹெர்பெர்ட்டுக்கு. 1593-ல் பிறந்தவர். இவர் தாயார் மாக்டலன் அம்மையார் டன்னின் நெருங்கிய நண்பர். 1627-ல் அவர் இறந்தபோது இரங்கல் பிரசங்கம் செய்தவர் டன்தான். ஹெர்பெர்ட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வச் சொற்பொழிவாளர், நாடாளுமன்ற உறுப்பினர். அரசவை வரை போயிருக்கலாம். எல்லாவற்றையும் விட்டு 1630-ல் சால்ஸ்பரி பக்கம் பெமர்ட்டன் என்ற சிற்றூருக்குப் பாதிரியாராகப் போனார். மூன்றே வருடம். 1633-ல், நாற்பது வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது இறந்தார். கையெழுத்துப் பிரதியை நண்பர் ஃபெரருக்குக் கொடுத்தனுப்பி, யாருக்காவது பயன்படும் என்றால் அச்சிடுங்கள், இல்லாவிட்டால் எரித்துவிடுங்கள் என்றாராம். அதே வருடம் 'ஆலயம்' என்ற பெயரில் அது வெளிவந்தது. அதில் பலிபீட வடிவத்திலும் இறக்கை வடிவத்திலும் அடுக்கப்பட்ட பாடல்கள் உண்டு. நம் சித்திரகவி தெரிந்தவர்கள் ரசிக்கலாம்.

ஹெர்பெர்ட் எடுத்துக்கொள்கிற விஷயங்கள் வீட்டு விஷயங்கள். ஒரு கவிதையில் பக்தன் குத்தகைதாரர். பழைய குத்தகை கட்டுப்படியாகவில்லை, ரத்து செய்து குறைந்த வாரத்தில் புதிது எழுதித்தரக் கேட்க நிலக்காரரைத் தேடி விண்ணகத்துக்குப் போகிறார். ஐயா இல்லை, வெகுநாள் முன்னால் அதிக விலை கொடுத்து வாங்கிய நிலத்தைப் பார்க்கப் பூமிக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். பெரிய மனிதர் ஆயிற்றே என்று மாளிகையிலும் நகரத்திலும் பூங்காவிலும் தேடுகிறார். கடைசியில் திருடர்களும் கொலைகாரர்களும் கூடிய இடத்தில் அவரைக் காண்கிறார். வாய் திறக்கும் முன்பே, உன் மனு ஏற்கப்பட்டது என்று சொல்லிவிட்டு நிலக்காரர் உயிர் விடுகிறார். பதினான்கே வரியில் கிறிஸ்தவ சமயத்தின் மையக் கொள்கை முழுக்க அடங்கிவிட்டது. பத்திரம் எழுதத் தெரிந்த எவருக்கும் அது புரியும்.

தொகுதியின் கோயில் பாடல்கள் அன்பைப் பற்றிய ஒரு கவிதையோடு முடிகின்றன. அன்பு என்பதே அங்கே வீட்டுக்காரர். வாசலில் நிற்கிறவன் உள்ளே வரக் கூசுகிறான். நான் அழுக்கு, பாவம் செய்தவன், நிமிர்ந்து பார்க்க யோக்யதை இல்லை என்கிறான். வீட்டுக்காரர் கையைப் பிடித்துச் சிரிக்கிறார். அந்தக் கண்ணைச் செய்தது யார், நான்தானே என்கிறார். சரி, அப்படியானால் பரிமாறுகிற வேலையாவது செய்கிறேன் என்கிறான் விருந்தாளி. நீ உட்கார், சாப்பிடு என்கிறார். உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவ்வளவுதான் கவிதை. பேச்சு எல்லாம் நம் வீட்டு வாசலில் நடக்கிற உபசாரப் பேச்சு.

டன் இறைவனோடு வழக்காடுகிறார். ஹெர்பெர்ட் இறைவனிடம் தோற்றுப்போகச் சம்மதிக்கிறார். இருவருக்கும் மனித அன்பு என்பது சமயத்துக்கு வெளியே இல்லை. இந்த வரிசையில் வாகன், கிராஷா, மார்வெல் என்று இன்னும் பலர் உண்டு. மார்வெலின் காதல் கவிதை ஒன்றில் நம் கங்கைக்கரையும் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மலரில் பக்கம் குறைவு.

சமணன் என்ன சொல்கிறான்?

"ரெண்டும் நிஜம்தான்" என்று பேத்தியிடம் சொன்னேன். காதல் எழுதிய டன் ஒருவர், பக்தி எழுதிய டன் இன்னொருவர் என்று பிரிப்பது கைடுக்காரர்களின் வசதி. பெண்ணிடம் வாதாடிய அதே வாய்தான் கடவுளிடமும் வாதாடுகிறது.

நம் தமிழிலும் இது புதிதல்ல. சமணத் துறவிக்குத் துறவறம்தான் பாட வரும், காதல் பாட வராது என்று மதுரைப் புலவர்கள் சொன்னதற்குப் பதிலாகத்தான் திருத்தக்கதேவர் சிந்தாமணி பாடினார் என்பது எங்கள் பக்கம் வழங்கும் செய்தி. மண நூல் என்றே அதற்குப் பெயர். ஆனாலும் கடைசி இலம்பகம் முத்தி இலம்பகம். சீவகன் எல்லாவற்றையும் துறந்துவிடுகிறான். அங்கேதான் எங்கள் வழி டன்னின் வழியிலிருந்து பிரிகிறது. எங்களுக்குப் படைத்த கடவுள் இல்லை. அருகன் யாரையும் தேடி வந்து கையைப் பிடிக்க மாட்டார், பொறாமையும் படமாட்டார். பற்றும் வினையைச் சேர்க்கும், பகையும் வினையைச் சேர்க்கும். மனைவி மேல் வைத்த அன்பு ஏணி ஆகாது, தளை என்றுதான் எங்கள் நூல்கள் சொல்லும்.

இந்த ஊரில் என்னைப் பார்க்கிற குஜராத்தி நண்பர்கள், "தமிழ்லகூட ஜெயின் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். நம் சங்கத்தில் புதிதாக வருபவர்களோ, "ஜெயின்னா மார்வாடிதானே?" என்பார்கள். அப்படிக் கேட்டுச் சினேகமான ஒரு சுவேதாம்பர நண்பர் கௌதமர் கதையைச் சொன்னார். கௌதமர் மகாவீரரின் தலைமைச் சீடர். மற்றவர்களுக்கு எல்லாம் கேவல ஞானம் கிட்டியது, அவருக்கு மட்டும் கிட்டவில்லை. குருவின் மேல் வைத்த பாசமே தடை. மகாவீரர் நிர்வாணம் அடைந்தபோது கௌதமர் அழுது புலம்பினார். அழுது முடித்த இடத்தில் பற்று அறுந்தது, ஞானம் வந்தது என்பது அவர்கள் மரபு.

என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த மூன்று மாதம் எந்தக் கொள்முதலுக்கும் போகாமல் பக்கத்திலேயே இருந்தேன் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் வினைப்பயன், அழக் கூடாது, அழுதால் இன்னும் வினை சேரும் என்றார்கள். சாத்திரப்படி சரிதான், நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அலமாரியில் இருந்து டன்னை எடுத்து அந்தச் சானெட்டைப் படித்தேன். குருவாகி, மேடை ஏறி, ஊருக்கே ஆறுதல் சொன்ன மனிதர், தனக்கு மட்டும் தாகம் தீரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த நேர்மை எனக்குப் போதுமானதாக இருந்தது. அவர் கடவுளை நான் ஏற்கவில்லை. ஆனால் அழாமலே பற்றை அறுத்துவிடலாம் என்ற என் கணக்கு தப்பு என்று தெரிந்தது. கௌதமரே அழுதுதானே கடந்தார்?

கடைசியாக ஒன்று. டன் என்ற பெயரும் 'முடிந்தது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ஒரே ஒலி. மோர் என்ற மனைவியின் குடும்பப் பெயரும் 'இன்னும்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரே ஒலி. 1623-ல் கடும் காய்ச்சலில் படுத்திருந்தபோது பிதாவை நோக்கி ஒரு பாடல் எழுதினார் என்கிறார் வால்ட்டன். தன் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற அந்தப் பாடலில், பத்தி முடியும் இடமெல்லாம் இந்த இரண்டு சொற்களும் மாறி மாறி வருகின்றன. மனைவி இறந்து ஆறு வருடம். அந்தப் பாடலுக்கு மெட்டமைத்துப் பேராலயத்தில் பாட வைத்தாராம். கேட்ட ஜனங்களுக்கு அது பக்திப் பாட்டு. அதற்குள் அந்த அம்மாள் பெயரும் ஒலித்துக்கொண்டிருந்தது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

டன் 1631 மார்ச் 31-ல் இறந்தார். சாவதற்குச் சில நாள் முன் சவத்துணி போர்த்திக்கொண்டு நின்று, தன்னைப் படம் எழுத வைத்தார். அதைப் பார்த்து நிக்கலஸ் ஸ்டோன் செதுக்கிய சலவைக்கல் சிலை, 1666 லண்டன் பெருந்தீயில் பழைய பேராலயமே அழிந்தபோதும் தப்பி, இன்றைய ஆலயத்தில் நிற்கிறது. லண்டனில் பிள்ளைகள் இருக்கிற அன்பர்கள் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.

பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை எழுதினா மார்க் போடுவாங்களா தாத்தா?" என்றாள். கவராயத்தைப் பற்றிப் பாட்டி சொன்னதை மட்டும் எழுதும்மா, போடாவிட்டால் நான் பொறுப்பு என்றேன். எழுதியிருக்கிறாள். மார்க் இன்னும் வரவில்லை.

கட்டுரையில் பிழை இருந்தால் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்துக்கொண்டு, கடைக்கு வந்து திருத்த வேண்டுகிறேன். டீ என் செலவு.